மூன்றாம் வரிசையில் நான்காவது பெண்

1936 ஆகஸ்ட் 16, ஞாயிறு.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். மலாக்கா மண்டபத்தில் நடந்த கூட்டுப்பாட்டுக் கச்சேரியில், எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாயி அக்காவுக்கு, அங்கே பள்ளியில் தங்கிப் படிக்கும் அவர் மகள் ஜெயமணியைக் காட்டுகிறேன் என்று சொல்லி வேறொரு பெண்ணைக் காட்டிவிட்டேன். எப்படி என்பது கீழே வருகிறது.

கச்சேரி முடிந்து ஆற்றுப் பாலத்தருகே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்காவும் ஜெயமணியும் தங்கையாவாகிய நானும் பேசியதை எழுதுகிறேன். 'என்றார்', 'என்றாள்' போடாமல் பேச்சை மட்டும் எழுதிப் பழகும்படி மாலை வகுப்பில் இராஜரட்ணம் ஐயா சொல்லியிருக்கிறார். பேசுவது யார் என்று படிக்கிறவருக்குத் தெரியுமா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஒவ்வொரு சொல்லும் சரியாக நினைவிருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை.

— அப்ப அந்த மேளக்காரன், தங்கையா?

— எந்த மேளக்காரரு அக்கா?

— அதான், பின்னால ரெண்டு செம்பு அண்டாவுக்குத் தோல் போட்டு வச்சிக்கிட்டு நின்னானே. எல்லாரும் குனிஞ்ச தல நிமிராம வாசிக்கிறாங்க. அவன் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நம்ம தோட்டத்துல இப்படி நின்னா கணக்கெழுதுற கிராணி அர நாள் கூலின்னு எழுதிருவாரு.

— அவரு சும்மா நிக்கல அக்கா. எண்ணிக்கிட்டு நின்னாரு. இராஜரட்ணம் ஐயா வெவரமா சொல்லிக் குடுத்தாரு.

— எத எண்ணுனான்?

— சும்மா நிக்கிற நேரத்தத்தான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அப்படித்தான். தப்பா இருந்தாலும் இருக்கும்.

— சும்மா நிக்கிறத எண்ணிக்கிட்டே நிக்கிறதுக்கு ஒரு ஆளு! ஏ மணி, நீ சொல்லு. இவன் சொல்றது நெசமா?

— நெசந்தாம்மா. அவரு ஒரு அடி முந்திட்டாருன்னா எல்லாம் போச்சு.

— அட, பேசிட்டியே. மண்டபத்துலேருந்து இந்தப் பாலம் வரைக்கும் வாயத் தெறக்காம வந்தே. பெட்டி கனக்குதா?

— இல்லம்மா.

— தங்கையாகிட்ட குடேன்.

— வேணாம். நானே வச்சிருக்கேன்.

— முன்னல்லாம் ஆத்தாம்பே. பள்ளிக்கூடத்துக்கு வந்தப்பறம் அம்மாங்குறே. என்னமோ போ. ஏய்யா தங்கையா, மொத மொதல்ல வாசிச்சாங்களே, அது என்ன பாட்டு?

— எது அக்கா?

— எல்லாரும் வந்து ஒக்காந்த ஒடனே. ஆளுக்கொரு பக்கமா இழுத்தாங்களே. ஒருத்தன் பிடில கீச்சுங்குறான், ஒருத்தன் கொழல ங்கொய்ங்குறான். எனக்கு நம்ம ஆயாக்கொட்டாய் நெனப்பு வந்துருச்சு. பால் மரத்துக்குப் போறப்ப தாய்மாருங்க எல்லாம் புள்ளைய அங்க தொட்டில்ல போட்டுட்டுப் போவோமே. கொஞ்ச நேரத்துல அத்தன தொட்டிலும் ஒண்ணா அழுவும் பாரு, அப்படி.

— அது பாட்டே இல்ல அக்கா. சுதி சேக்குறது.

— ஐயய்யோ. நான் கை தட்டுனேனே!

— நானும் தட்டுனேன். நீங்க தட்டுறதால நான் தட்டுறேனா, இல்ல நெசமாவே தட்டுற எடமான்னு எனக்கே கொழப்பமாப் போச்சு.

— மேடைக்கே கேட்டுச்சு அண்ணே. பிடில்காரரு ஒருத்தரு திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு.

— சிரிக்கட்டும். அப்பறமா நல்லாத்தானே வாசிச்சாங்க? அத நிறுத்துனப்போ ஒரு பய தட்டல. அத்தன பேரும் இருமுறாங்க.

— ஒரு துண்டு முடிஞ்சா தட்டக் கூடாதாம் அக்கா. முழுசும் முடிஞ்சப்பறந்தான் தட்டணும்.

— இருமலாமா?

— அத ஐயா சொல்லல.

— எனக்கு ஒண்ணுமே வெளங்கல சாமி. நம்ம கோயில் திருவிழாவுல நாயனம் கேட்டா, நல்லாருந்தா ஆகான்னு சொல்லுவோம். நல்லால்லன்னா எந்திரிச்சுப் போயிருவோம். இங்க நல்லாருக்கா இல்லையான்னு மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கலாம்னா, எல்லா மூஞ்சியும் சாவு வீட்டுல மாதிரி இருக்கு.

— அக்கா, அத்தன தொட்டிலும் ஒண்ணா அழுதா, நம்ம புள்ள அழுவுறது எதுன்னு எப்படித் தெரியும்?

— தெரியாது.

— தெரியாதா? தாய்க்குத் தெரியும்னு சொல்லுவாங்களே.

— சொல்றவங்க மரம் சீவப் போயிருக்க மாட்டாங்க. அழுக எல்லாம் ஒரே அழுகதான். நின்னாத்தான் தெரியும். அந்தா கச்சான் கடலைக்காரன் போறான், கூப்பிடு. மணிக்குப் பசிக்கும்.

— எனக்குப் பசிக்கலம்மா.

— அப்ப எனக்குப் பசிக்கும்.

— என்ன நின்னா, அக்கா?

— கூப்பிடுலா, அவன் பாலம் தாண்டிருவான்.

— இந்தாங்க. சூடா இருக்கு. ஜெயமணி, நீயும் எடுத்துக்க.

— அண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு நெசமாவே காளிமுத்துக் கங்காணிக்குப் பதில் சொல்லணுமா? ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா?

— அவன ஏன் கேக்குற? நான் இங்கதானே நிக்கிறேன். நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கொடுக்க ஆளுங்க வரிசையா நின்னப்பறம் கேப்பாரு. அவரு அக்கா மகன் சின்னத்தம்பிக்கு ஒன்னயக் கேட்டு மாசம் ஒண்ணாச்சு. எம்மவ கச்சேரியில பாடுறாளாம், அதப் போயி ஒரு தரம் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால இழுக்க முடியல.

— அதனாலதான் பெட்டியோட வரச் சொன்னியா?

— ஆமா.

— அப்ப பாட்டு கேக்குறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டே.

— முடிவு பண்ணிருந்தா ரெம்பியாவுலேருந்து பஸ்ஸு ஏறி, இந்தச் செவப்புச் சேலையும் கட்டிக்கிட்டு எதுக்கு வரேன்? பெட்டிய இருந்தா இருக்கட்டும்னு சொன்னேன். சின்னத்தம்பி நல்ல பயதான். குடிக்க மாட்டான்.

— அவர நான் பாத்ததே இல்ல.

— பாத்திருக்கே. சின்னப் புள்ளையில ஒன்னய ஒரு தரம் ஓடையில தள்ளிவிட்டான்.

— அவரா!

— முடியாதுன்னு சொன்னா என்ன ஆவும்னு தங்கையாவக் கேளு.

— வரிசைப்படி சொல்றேன் ஜெயமணி. மொதல்ல கங்காணி ஒண்ணும் பேச மாட்டாரு. ரெண்டாவது, ஒரு வாரம் கழிச்சு அக்கா மரம் சீவுற நெர மாறிப் போயிரும். மலை மேல பால் வத்துன கெழட்டு மரமா இருக்குற நெர கெடைக்கும். போன வருசம் மாரியம்மாக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. மூணாவது...

— மூணாவது வேணாம். அவளுக்குப் புரிஞ்சிருச்சு.

— அம்மா, பாட்டு மிஸ்ஸி என் பேர வாத்தியார் படிப்புக்குக் குடுத்திருக்காங்க. ரெண்டு வருசம். முடிச்சா எனக்கு இங்கயே வேல. அப்பறம் நீ மலை நெரையும் போக வேணாம், எந்த நெரையும் போக வேணாம்.

— ரெண்டு வருசம் நான் மலை ஏறணுமே.

— ஆமா.

— ஏறலாம். அது பெருசில்ல. எதுக்காக ஏறுறேன்னு எனக்குத் தெரியணுமில்ல? அதக் கேக்கத்தான் வந்தேன். நீ பாடுறதக் கேக்க வந்தேன். எங்க கேட்டேன்? வாயத் தெறந்தா அறுபது பேரும் ஒண்ணாத் தெறக்குறீங்க. நான் என்னமோ நீ எந்திரிச்சு முன்னால வந்து ஒரு பாட்டுப் பாடுவே, எல்லாரும் கேப்பாங்கன்னு நெனச்சேன்.

— அது நாந்தான் அக்கா அப்படிச் சொன்னேன். கூட்டுப்பாட்டுன்னா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாடுவாங்கன்னு நெனச்சிட்டேன்.

— ஒன்னய நான் ஒண்ணும் சொல்லலலா. மணி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அறுபது பேரு, ஒரே வெள்ளச் சட்ட. வரிச வரிசையா நிக்கிறீங்க. முன்னால ஒரு தொர குச்சியோட நிக்கிறான். சபைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான், அந்த மரியாதையும் அவனுக்குத் தெரியல. குச்சியத் தூக்குனா பாடுறீங்க, எறக்குனா வாய மூடுறீங்க. இது என்ன?

— அதுதான் கூட்டுப்பாட்டு.

— இது பெரட்டு. நம்ம பெரட்டுக் களத்துல வந்து பாரு. நாங்களும் வரிசையாத்தான் நிக்கிறோம். காளிமுத்துக் கங்காணி கையிலயும் குச்சி. அவரு தூக்குனா நடப்போம். ஒரு குச்சிக்கு முன்னாலதான் நிக்கணும்னா, ஊரு ஒலகம் விட்டு இங்க எதுக்கு நிக்கணும்? ஆத்தா பக்கத்துல நில்லேன்.

— அது வேற, இது வேறம்மா.

— என்ன வேற?

— அண்ணனையே கேளும்மா.

— தங்கையா, நீதான் சாயங்காலம் சாயங்காலம் படிக்கப் போறியே. நீ சொல்லு.

— சொல்றேன் அக்கா. வரிசைப்படி சொல்றேன். ஒண்ணு... ஒண்ணு வந்து... பெரட்டுல பிடில் இல்ல.

— கெட்டுது போ!

— சிரிக்காத ஜெயமணி. நான் யோசிச்சுத்தான் சொன்னேன்.

— இல்லண்ணே. எனக்குச் சிரிப்பா அழுகையான்னே தெரியல.

— அந்தப் பாட்டெல்லாம் எந்தச் சாமிக்கு, மணி?

— ஏசுசாமிக்கும்மா.

— மாரியாத்தா கோச்சுக்காதா?

— மாரியாத்தாவுக்கு இங்கிலீசு தெரியாதும்மா.

— அடி கழுத! வாயி மட்டும் அப்படியேதான் இருக்கு.

— அக்கா, பஸ் வருது.

— ஏறுவோமா?

— இருங்க, இருங்க. இது செங் வரைக்கும் போறது. நம்ம ரெம்பியா வழியாப் போற அலோர்காஜா பஸ் இல்ல. மன்னிச்சிருங்க. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்.

— இன்னிக்கு நீ எதத்தான் சரியாப் பாத்தே?

— ஜெயமணிய சரியாக் காட்டுனேனே அக்கா. அது ஒண்ணுலயும் எனக்குச் சந்தேகமில்ல. மூணாவது வரிச, எடப்பக்கத்துலேருந்து நாலாவது. ஜெயமணி சொல்லி அனுப்புனபடியே எண்ணுனேன். தலையில நீல ரிப்பன் கூட இருந்துச்சு.

— நீல ரிப்பனா?

— ஆமா.

— அண்ணே, நான் ரிப்பனே கட்டல. இந்தா பாருங்க, கறுப்புக் கயிறுதான்.

— அவுத்துட்டியோ?

— நீல ரிப்பன் மனோரஞ்சிதம் அண்ணே! சிலோன்கார கிராணி மவ. நீங்க எந்தப் பக்கத்துலேருந்து எண்ணுனீங்க?

— எடப்பக்கத்துலேருந்துதான். இந்தக் கைப் பக்கம்.

— அது உங்க எடப்பக்கம். நான் சொன்னது எங்க எடப்பக்கம். நாங்க உங்களப் பாத்துல்ல நிக்கிறோம்!

— ஐயோ.

— பால் நிறுக்குற கொட்டாய்ல அஞ்சு வருசமா தராசு புடிக்கிறே. எடப்பக்கம் வலப்பக்கம் தெரியாதாடா ஒனக்கு?

— தராசு நம்மள எதுத்து நிக்காதுல்ல அக்கா. அக்கா, என்னய மன்னிச்சிருங்க. இவ்வளவு தூரம் வந்து, கச்சேரி முழுக்க யாரோ ஒரு பொண்ணையே பாத்துக்கிட்டு... நான் ஐயாகிட்ட கேட்டிருக்கணும். இல்ல, ஜெயமணிகிட்டயே கைய ஆட்டச் சொல்லிருக்கணும். இல்லன்னா...

— சரி விடு.

— கோச்சுக்கிட்டீங்களா?

— விடுன்னு சொன்னேன்ல. கச்சான் தின்னு.

— அப்ப நீ என்னயப் பாக்கவே இல்லியாம்மா?

— இவன் கைய நீட்டுன எடத்தப் பாத்தேன்.

— பாக்கவும் இல்ல. கேக்கவும் இல்ல. இத்தன நாளு அந்த ஒரு பாட்டுக்காக, தொண்ட கட்டுனா வெந்நி குடிச்சு வெந்நி குடிச்சு... நீ வரேன்னு சொன்னதுலேருந்து நான் தூங்கல. எல்லாம் மனோரஞ்சிதத்துக்குப் போச்சு.

— அழுவாத. ரோட்டுல நிக்கிறோம்.

— அழுவல.

— அக்கா பாதி நேரம் கண்ண மூடிக்கிட்டுல்ல இருந்தாங்க ஜெயமணி. அதனால முழுக்கவும் மனோரஞ்சிதத்தப் பாத்தாங்கன்னு சொல்ல முடியாது.

— தூங்கிட்டியாம்மா?

— தூங்கல.

— அக்கா, நான் பக்கத்துலதான் இருந்தேன். தல கூட சாஞ்சுது. அப்பறம் அந்தக் கொம்பு ஊதுனப்பதான் விருட்டுன்னு எந்திரிச்சீங்க.

— கண்ண மூடுனா தூக்கமா? அது சரி, அந்தக் கொம்ப எதுக்கு அப்படி ஊதுனாங்க? நம்ம கங்காணி விடிய முன்ன பெரட்டுக்கு ஊதுற கொம்பு மாதிரியே இருந்துச்சு. இருவது வருசமா அதக் கேட்டா எங்காலு தானா எந்திரிக்கும். எந்திரிச்சிட்டேன். எந்திரிச்சப்பறந்தான் இது மலாக்கான்னு நெனப்பு வந்துச்சு.

— அம்மா! கொம்புக்கா எந்திரிச்சே?

— பின்ன எதுக்கு?

— ஐயோ, மண்டபமே ஒன்னால எந்திரிச்சிருச்சும்மா!

— என்னாலயா?

— ஆமா அக்கா. அத நான் பாத்தேன். வரிசைப்படி சொல்றேன். அந்தக் கச்சேரியில ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்னு ஒரு வழக்கம். எந்தப் பாட்டுன்னு முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. நீங்க எந்திரிச்சதும், இதுதான் அந்தப் பாட்டுன்னு நான் எந்திரிச்சேன். நம்மளப் பாத்து நம்ம வரிசை. அதுக்கு முன்னால சிலோன்காரவுங்க வரிசை. கடைசியில வெள்ளக்காரத் தொரமாருங்க திரும்பிப் பாத்துட்டு அவுங்களும் எந்திரிச்சுட்டாங்க. ஒரு தொர தன் துரைசானிகிட்ட ஏதோ கேட்டாரு. அந்தம்மா ஒதட்டப் பிதுக்குனாங்க.

— அது நிக்க வேண்டிய பாட்டே இல்லண்ணே. அது ரெண்டு பாட்டு தள்ளி வந்துச்சு. அது வந்தப்போ மறுபடி நிக்கணுமா, நின்னதே போதுமான்னு தெரியாம பாதி சபை நிக்குது, பாதி சபை ஒக்காந்திருக்கு. மிஸ்ஸி மொகம் செவந்து போச்சு.

— அப்படியா சங்கதி. எனக்குன்னு எல்லாரும் எந்திரிச்சாங்களா!

— உங்களுக்குன்னு இல்ல அக்கா...

— சும்மா இருலா. ஒரு தரமாவது நெனச்சிக்கிறேன்.

— ஆனா அம்மா, நான் தப்புப் பண்ணல. இத நீ நம்பணும். மண்டபம் அவ்வளவு கொழம்புனப்பவும் நான் மொத பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு எடம் விடாமப் பாடினேன். நீ கேக்கலன்னாலும் நான் பாடினேன். அத மட்டும் மனசுல வச்சிக்கிட்டு நாளைக்குக் கங்காணிகிட்ட பேசு.

— ஒரு எடம் விடாம?

— ஒரு எடம் விடாம.

— மணி.

— என்னம்மா?

— ஏன் நடுவுல நிறுத்துனே?

— நான் நிறுத்தல.

— நிறுத்துனே. நான் எந்திரிச்சு நின்னப்போ நிறுத்துனே.

— யாரு சொன்னா? அண்ணே, நீங்க சொன்னீங்களா?

— சத்தியமா இல்ல ஜெயமணி. நானே மனோரஞ்சிதத்தத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்.

— அவன் சொல்லல. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. மண்டபத்துலேருந்து இது வரைக்கும் மேளக்காரன், இருமல், குச்சின்னு எதையாவது பேசிக்கிட்டு வந்தேனே, இத எப்படிக் கேக்குறதுன்னுதான். வெக்கமா இருந்துச்சா ஒனக்கு? தோட்டத்துப் பொம்பள, செவப்புச் சேல, எண்ண தேச்ச தல, நடு மண்டபத்துல ஒத்தையா எந்திரிச்சு நிக்கிறா. இவதான் எங்காத்தான்னு தெரிஞ்சிரும்னு நிறுத்துனியா?

— இல்ல.

— நெசத்தச் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்.

— இல்ல ஆத்தா! நீ வெளிய போறேன்னு நெனச்சேன். கடைசி வரிச, பக்கத்துலயே கதவு. நல்லால்லன்னா எந்திரிச்சுப் போயிருவோம்னு நீதானே சொல்லுவே. எம்பாட்டு ஒனக்குப் புடிக்கல, எந்திரிச்சிட்டே, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். பாட்டு அப்படியே நின்னு போச்சு. அதுக்குள்ள முன்னால எல்லாரும் எந்திரிச்சு மறச்சிட்டாங்க. ஒன்னயக் காணோம். குதிச்சு ஓடி வரலாமான்னு பாத்தேன். மேல் படியில நிக்கிறேன், எறங்க வழியில்ல. வாய மூடிக்கிட்டு நின்னேன்.

— பெறவு எப்பப் பாடினே?

— எல்லாரும் ஒக்காந்தாங்க. நீ கடைசியா ஒக்காந்தே. ஒஞ்சேலயப் பாத்தேன். அப்பறந்தான் கொரலு வந்துச்சு.

— ஆமா. அப்பதான் வந்துச்சு.

— அலோர்காஜா பஸ் அக்கா. இந்தத் தரம் நல்லாப் பாத்துட்டேன். பேரே எழுதிருக்கு.

— இதுக்கு அடுத்தது இருக்கா?

— இன்னும் ஒண்ணு இருக்கு. ஆனா ஏன் அக்கா?

— பெட்டிய நீ வாங்கு. அவ தூக்க வேணாம்.

— சரி அக்கா. மேல கட்டச் சொல்லவா?

— பஸ்ஸுக்கு இல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ. நானும் கூட வரேன், அந்த மிஸ்ஸியப் பாத்துக் கும்புட்டுட்டு வந்துர்றேன். இந்த பஸ்ஸு போனா போகட்டும்.

— ஆத்தா?

— நட.

— கங்காணிக்கு என்ன சொல்லுவே?

— முடியாதுன்னு சொல்லுவேன்.

— மலை நெர?

— ஏறுவேன். பெரட்டுக்குப் போகாம எத்தனையோ நாளு நான் காச்சல்ல படுத்திருக்கேன், மணி. அன்னிக்கும் வரிச வரிசையாத்தான் இருக்கும். எடத்துல இன்னொருத்தி நிப்பா. முனியாயி இல்லன்னு எவன் காதுக்கும் தெரியாது. நான் கேட்டேனே, ரெண்டும் என்ன வேறன்னு. இங்க நீ நிறுத்துனது எங்காதுக்குத் தெரிஞ்சிச்சு. இதுதான் வேற.

— எனக்குப் புரியல அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கச்சேரி முழுக்க நீங்க ஜெயமணியப் பாக்கல. அறுபது கொரல்ல இவ கொரல் எதுன்னும் தெரியலன்னு நீங்களே சொன்னீங்க. அப்பறம் இவ நிறுத்துனது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— ஆயாக்கொட்டாய்ல அழுக எதுன்னு தெரியாதுன்னேன்ல. இவ அழுத வரைக்கும் நான் பாட்டுக்கு மரம் சீவிக்கிட்டிருப்பேன். இவ நிறுத்துனா, உளிய அங்கயே போட்டுட்டு ஓடுவேன், எறும்பு கடிச்சிச்சோ, காச்சலோன்னு. இன்னிக்கு நான் கண்ணத் தெறந்து நின்னப்போ, நீ காட்டுன பொண்ணு வாயத் தெறந்து பாடிக்கிட்டேதான் இருந்தா, தங்கையா. எங்காதுல தொட்டில் நின்னு போச்சு. அப்பவே தெரிஞ்சிருச்சு எனக்கு, நீ வேற யாரு மகளையோ காட்டிக்கிட்டிருக்கேன்னு.

நாளைய வேலை: விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போய், அக்கா கங்காணியிடம் பேசும்போது அவருக்கு இடப்பக்கத்தில் நிற்க வேண்டும். அக்காவின் இடப்பக்கம்.